சுங்க அதிகாரியின் தட்டில் நான் கடத்திய பீட்ரூட்

அன்பும் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பயமும் கலந்த வணக்கங்களோடு அத்தைக்கு,

உங்கள் மூத்த மாப்பிள்ளை எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் மகள், பேத்தி, மாமா ஆகிய நால்வரும் நலம். சும்மா வாய் வார்த்தைக்கு எழுதவில்லை. இந்த வரியை எழுதுவதற்கு முன் எழுந்து போய் மூன்று பேரையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். அங்கே உங்கள் இளைய மகளும், பிறந்திருக்கும் குட்டிப் பையனும், அவர்கள் இருவரையும் தூங்க வைத்துவிட்டுத் தூங்காமல் இருக்கும் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறோம். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, "ஸ்பீக்கர்ல போடுங்க மாப்ளே" என்கிறார். ஸ்பீக்கரில் போட்டால் உண்மை பேச முடியவில்லை. அதனால்தான் கடிதம்.

"அவர் ஒழுங்கா காய் சாப்பிடறாரா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று போன வாரம் கேட்டீர்கள். ஒரே வார்த்தையில் சொல்கிற நிலைமை தாண்டிப் போய்விட்டது அத்தை. நீங்கள் ஊருக்குக் கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ரத்தத்துல கொழுப்பு ஏறியிருக்கு, ரெண்டு வேளையும் காய் சாப்பிடணும்னு டாக்டர் சொல்லியிருக்கார், அவரை உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்று சொன்னீர்களே, அப்போது நான் ரொம்பத் தைரியமாகத் தலையை ஆட்டினேன். தினமும் டிரைவிங் ஸ்கூலில் முன்பின் தெரியாதவர்களிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருகிறவன் நான். ஒரு பெரியவருக்கு நாலு கேரட் கொடுக்க முடியாதா என்று நினைத்தேன். வாழ்நாள் முழுக்க விமான நிலையத்தில் மற்றவர்கள் பெட்டியைத் திறந்து பார்த்தே சம்பளம் வாங்கிய சுங்க அதிகாரி அவர் என்பது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.

முதல் நாள் தட்டில் பீன்ஸை நேராகவே வைத்தேன். மாமா அதைப் பார்த்தார். பேத்தி மாமாவைப் பார்த்தாள். உங்கள் பேத்திக்கு இப்போது தாத்தாதான் எல்லாம். தாத்தா தொடாததை அவளும் தொட மாட்டாள். இரண்டு தட்டிலும் பீன்ஸ் அப்படியே திரும்பி வந்தது. எறியக் கூடாதென்று நான்தான் சாப்பிட்டேன். சரி, ஒளித்து வைத்துவிடலாம் என்று அடுத்த நாள் கேரட்டைத் துருவி ஆம்லெட்டுக்குள் வைத்தேன். மாமா முள்கரண்டியால் ஆம்லெட்டை ஓரமாகக் கிழித்து, உள்ளே இருந்த கேரட்டை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் விளிம்பில் வரிசையாக அடுக்கினார். "இது என்ன மாப்ளே?" என்றார். "மஞ்சள் கரு மாமா" என்றேன். "நான் பார்த்த மஞ்சள் கரு எதுவும் நார் நாரா இருந்ததில்லையே" என்றார். கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. பிறகு காலிபிளவரை வேகவைத்து உருளைக்கிழங்கோடு மசித்துப் பார்த்தேன், ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, "உருளைக்கிழங்குக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார். கீரையை அரைத்து மாவில் கலந்து பச்சையாக அப்பம் சுட்டு, பிஸ்தா அப்பம் என்று பெயர் வைத்தேன். பேத்தி மோந்து பார்த்துவிட்டு, "தாத்தா, பார்க்ல புல்லு வெட்டுற அன்னிக்கு இந்த வாசனைதான் வரும்" என்று காட்டிக் கொடுத்துவிட்டாள். மாமா அவளுக்குக் கை கொடுத்தார். அந்தப் பன்னிரண்டு அப்பத்தையும் யார் சாப்பிட்டார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? இந்த வீட்டில் காய்கறியால் யாருக்காவது உடம்பு தேறியிருக்கிறது என்றால் அது எனக்குத்தான். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருக்கிறேன்.

உங்கள் மகளோ ஆஸ்பத்திரி லேபில் வேலை முடிந்து வந்து, "எங்கம்மாவாலேயே முடியலை, நீங்க என்னத்த பண்ணப் போறீங்க" என்று சிரித்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுவாள். அந்தச் சிரிப்புதான் அத்தை எனக்கு ரோஷத்தை ஏற்றிவிட்டது. யோசித்தேன். மாமா சந்தேகப்படாத பொருள் இந்த வீட்டில் ஒன்றே ஒன்று, தக்காளி சாஸ். அவர் கணக்கில் அது காய் இல்லை, சாஸ். நூடுல்ஸ் மேல் எவ்வளவு ஊற்றினாலும் தாத்தாவும் பேத்தியும் கேள்வி கேட்க மாட்டார்கள். சாஸும் சிவப்பு, பீட்ரூட்டும் சிவப்பு. பெரிய பெரிய பீட்ரூட்டாக வாங்கி, அவர்கள் பார்க்குக்குப் போன நேரம் பார்த்து வேகவைத்து, பூண்டு வதக்கி, எலுமிச்சை பிழிந்து, தக்காளியோடு சேர்த்து மைபோல அரைத்து நூடுல்ஸில் புரட்டி வைத்தேன். மாமா முதல் வாயை மென்றார். நிறுத்தினார். கூரையைப் பார்த்தார். எனக்கு வலது கால் தானாக மேஜைக்கு அடியில் பிரேக்கைத் தேடியது. "மாப்ளே" என்றார். "சொல்லுங்க மாமா." "இன்னும் கொஞ்சம் போடுங்க." அத்தை, அன்றைக்கு என் சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! மாமா இரண்டு தட்டு, பேத்தி ஒன்றரைத் தட்டு, கடைசியில் பாத்திரத்தை வழித்து வேறு சாப்பிட்டார்கள். உங்கள் மகள்கூட என்னை மரியாதையாக ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாள் காலை அவள் வேலைக்குப் போன பிறகு, குளியலறைக்குப் போன மாமா ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. கதவைத் தட்டினேன். மெல்லத் திறந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. "மாப்ளே, குழந்தைக்குத் தெரிய வேண்டாம். வண்டியை எடுங்க" என்றார் கிசுகிசுப்பாக. "என்ன ஆச்சு மாமா?" "சிவப்பா போகுது." நான் அப்படியே ஆடிப்போய்விட்டேன். ரத்தம் என்றால் சும்மாவா? குழந்தையைப் பின்சீட்டில் போட்டு, மாமாவை முன்னால் உட்கார வைத்து, வேறு வண்டி ஏது, டிரைவிங் ஸ்கூல் வண்டியையே எடுத்தேன். அதில் ஒரு வசதி உண்டு. கூரைமேல் 'ஓட்டுநர் பயிற்சி' என்று பெரிதாக எழுதியிருப்பதால் ரோட்டில் எல்லோரும் உயிருக்குப் பயந்து ஒதுங்கி வழி விடுவார்கள், ஆம்புலன்ஸுக்குக்கூட அப்படி விட மாட்டார்கள். ஒரு வசதிக்குறைவும் உண்டு; டிரைவருக்குப் பக்கத்து சீட்டில், சொல்லிக்கொடுக்கும்போது என் காலுக்கென்று தனி பிரேக் வைத்திருக்கிறது. இப்போது அங்கே மாமாவின் கால். தன் நிலைமையை நினைத்து அவர் பெருமூச்சு விட்டுக் காலை நீட்டும்போதெல்லாம் வண்டி நடுரோட்டில் சடக்கென்று நின்றது. பின்னால் வந்தவர்கள் ஹாரனை அமுக்கிக்கொண்டு என்னைத் திட்டினார்கள். "பாவம், இன்னிக்குத்தான் கத்துக்கறார் போல" என்று ஒரு பைக்காரர் எனக்காகப் பரிதாபப்பட்டுவிட்டுப் போனார்.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் அத்தை, எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி பீட்ரூட் ஞாபகம் வந்தது. அதையும் முழுதாக நம்ப முடியவில்லை. பீட்ரூட்டாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டால்? ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். இருந்தாலும் அவரைக் கொஞ்சம் தேற்றலாம் என்று, "மாமா, உங்ககிட்ட ஒன்னு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். "நீங்க இருங்க, நான் முதல்ல சொல்லி முடிச்சுடறேன்" என்று கையை உயர்த்தினார். "உங்க அத்தைகிட்ட நான் ஒரு விஷயம் மறைச்சிருக்கேன். நான் போனப்புறம் பக்குவமா சொல்லிடுங்க. வேலைக்குப் போன காலம் பூரா அவ எனக்கு டப்பாவுல காய் கட்டிக் கொடுப்பா. ஒரு நாளும் நான் சாப்பிட்டதில்லை. எங்க ஆபீஸ்ல ஒரு மோப்ப நாய் இருந்தது. எல்லாம் அதுக்குத்தான்." நான் வாயைத் திறப்பதற்குள் பின்சீட்டிலிருந்து, "நாய் காய் சாப்பிடுமா தாத்தா?" என்று குரல் வந்தது. "ஆசையா சாப்பிடும்மா. ரிட்டயர் ஆகும்போதுகூட அதுக்கு ஒரு பல்லு விழலை" என்று சொல்லும்போது மாமாவுக்குக் குரல் உடைந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அந்தக் குட்டிப் பையனை ஒரு தடவை தூக்கிப் பார்த்திருக்கலாம்" என்றார். அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது அத்தை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வேகமாக ஓட்டினேன். மாமாவும் அதற்குப் பிறகு பிரேக்கை மிதிக்கவில்லை.

டாக்டர் அம்மாவுக்கு உங்கள் மகளைத் தெரியும், அதனால் உடனே பார்த்தார். வயிற்றை அமுக்கினார், வலிக்கிறதா என்று கேட்டார், சோதனைக்கு அனுப்பினார். "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" "நூடுல்ஸ்." "அதுல என்ன போட்டிருந்தது?" "சாஸ்" என்றார் மாமா, அப்பாவியாக. டாக்டர் என்னைப் பார்த்தார். நர்ஸ் என்னைப் பார்த்தார். குழந்தையும் என்னைப் பார்த்தாள். "பீட்ரூட் டாக்டர்... கொஞ்சம்" என்றேன். "கொஞ்சம்னா?" "நாலு." அதற்குள் சோதனை முடிவும் வந்தது, ரத்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. நர்ஸ் திரைக்குப் பின்னால் போய்ச் சிரித்த சத்தம் வராண்டா வரைக்கும் கேட்டிருக்கும்.

திரும்பி வரும்போது மாமா ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். இன்றைக்கு நமக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். வீட்டுத் தெருவுக்குத் திரும்பும்போது கேட்டார்: "பீட்ரூட்ல ஒரு மண் வாசனை வருமே, அது எப்படி வரலை?" "பூண்டை நல்லா வதக்கி, எலுமிச்சை பிழிஞ்சேன் மாமா." "ம்." கொஞ்ச தூரம் போனோம். "என் சர்வீஸ்ல என்னைத் தாண்டி ஒரு சரக்கு வெளிய போனதில்லை மாப்ளே." நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்! குலுக்கிவிட்டு, "ஒரு ஒப்பந்தத்துக்கு வருவோம். நீங்க இனிமே எதையும் ஒளிச்சு வைக்கக் கூடாது. காயை நறுக்கி, வேகவைக்காம, உப்புப் போடாம, ஒரு கிண்ணத்துல பச்சையா வச்சுட்டு வேலைக்குப் போங்க. நானும் குட்டியும் நிதானமா மென்னு சாப்பிடறோம். நீங்க பக்கத்துல நின்னா தொண்டையில இறங்காது" என்றார்.

அன்றிலிருந்து இரண்டு வேளையும் ஒரு கிண்ணம் கேரட், முட்டைக்கோஸ், வெள்ளரிக்காய். நான் வகுப்பு முடித்து வரும்போது கிண்ணம் காலி. காலி மட்டும் இல்லை அத்தை, கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார்! "எங்கப்பா கிண்ணம் கழுவினாரா?" என்று உங்கள் மகள் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சாவு பக்கத்தில் வந்துபோனால் மனிதன் மாறுவான் என்று நான்தான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். நேற்று மறுபடி ரத்தப் பரிசோதனை செய்தோம். கொழுப்பு இறங்கியிருக்கிறது, எடை குறைந்திருக்கிறது, மாமா முகத்தில் ஒரு தெளிச்சி. டாக்டர் அம்மா, "என்ன செய்யறீங்களோ அதையே விடாம செய்யுங்க" என்று சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் அடக்கமாகச் சிரித்தேன்.

ஆகவே அத்தை, நீங்கள் கவலையை விடுங்கள். உங்களால் முடியாததை நான் செய்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். ஆனால் நீங்களே அப்படி நினைத்துக்கொண்டால் தடுக்கவும் மாட்டேன். மோப்ப நாய் விஷயம் உங்களுக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். அவர் போன பிறகு சொல்லச் சொன்னதை இருக்கும்போதே சொன்ன பாவம் எனக்கு வேண்டாம். குட்டிப் பையனின் இரண்டு உள்ளங்காலிலும் எங்கள் முத்தத்தைக் கொடுங்கள். உங்கள் இளைய மகளை நன்றாகத் தூங்கச் சொல்லுங்கள். எல்லோருக்கும் எல்லா நன்மையும் வந்து சேரட்டும்.

உங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய பெருமையோடு,
மூத்த மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன். இப்போதுதான் எட்டாவது மாடியில் குடியிருக்கும் பியானோ டீச்சர் கையில் நம் வீட்டுக் கிண்ணத்தோடு வந்தார். "தாத்தா இன்னிக்குக் கிண்ணத்தை மறந்துட்டுப் போயிட்டார். ரொம்ப தேங்க்ஸ்ங்க, எங்க முயல் ரெண்டும் எப்படி உருண்டு திரண்டு இருக்கு தெரியுமா? தாத்தாவும் பேத்தியும் தினம் ரெண்டு வேளையும் வந்து ஊட்டிட்டுப் போறாங்க. லிஃப்ட்ல வாங்கன்னா கேட்கவே மாட்டேங்கறார், ஏறி ஏறி வரார்" என்றார். லிஃப்ட் மணி அடித்தால் கீழே எங்கள் சமையலறைக்குக் கேட்கும், நான் சீக்கிரமாகத் திரும்பி வந்திருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்துதான் மாமா படியேறியிருக்கிறார். நாம் இருப்பது முதல் மாடி. கொழுப்பு எப்படி இறங்கியது என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். கதவுக்குப் பின்னால் நின்ற பேத்தி, "தாத்தா வாங்க, மாட்டிக்கிட்டோம்" என்றாள்; மாமா தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் ஏறுவது நின்றுவிடும். நீங்களும் போனில், முட்டைக்கோஸ் ருசியாக இருக்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள். நாளைக்கு நூடுல்ஸ் சாஸில் பூசணிக்காயை அரைத்துப் போடப் போகிறேன், ஒப்பந்தமாவது ஒன்றாவது. பியானோ டீச்சரை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டு, குரலைத் தாழ்த்தி ஒன்றுதான் கேட்டேன்: "உங்களுக்கு மேலே பன்னிரண்டாவது மாடியில முயல் வளர்க்க ஆசைப்படறவங்க யாராவது இருக்காங்களா?"