அறையைக் காலி செய்யச் சொல்லும் கல்லூரி

ஹல்,
செப்டம்பர் கடைசி ஞாயிறு.

என் பிரியத்துக்கும் பயத்துக்கும் உரிய டோரீன் அக்காவுக்கு,

உன் தம்பி கிளிஃப் எழுதுவது. நீயும் உன் ஆடுகளும் உன் முழங்காலும் ஷெட்லாந்துக் குளிருக்குத் தாக்குப் பிடித்துச் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே லோர்னா சௌக்கியம், ஹெட்டி சௌக்கியம், கார் சௌக்கியம். நான் எப்படி இருக்கிறேன் என்பதைக் கடிதத்தைப் படித்துவிட்டு நீயே முடிவு செய். நீ பின்னி அனுப்பிய காலுறைகள் வந்து சேர்ந்தன. இடது காலுறை எனக்குக் கச்சிதம். வலதை லோர்னா தேநீர்க் கெண்டிக்குப் போட்டு வைத்திருக்கிறாள், தேநீர் ஆறுவதே இல்லை.

ஃபோனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உன்னோடு ஃபோனில் பேசுவதானால் நான் கத்த வேண்டும். நான் கத்தினால் பக்கத்து வீட்டுக்காரனே பதில் சொல்கிறான், மாடியில் இருக்கும் ஹெட்டிக்குக் கேட்காமல் போகுமா? இது அவள் காதில் விழக் கூடாத விஷயம்.

ஹெட்டிக்குக் கல் என்றால் உயிர் என்பது உனக்குத் தெரியும். கரை சரிந்து விழுகிற இடமாகப் பார்த்துப் போய் நிற்பாள். சுருண்ட நத்தை மாதிரி ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பா, இது டைனோசர் காலத்து ஆளு" என்று சாப்பாட்டு மேஜையில் எனக்கு அறிமுகம் செய்து வைப்பாள். எங்கள் வீட்டில் நாற்காலியை விடக் கல் அதிகம். அந்தக் கல்லையே படிப்பாகப் படிக்க, தெற்கே இருக்கிற அந்தப் பழைய பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லிவிட்டார்கள் பள்ளியில். நம் ஸ்டான்லி மாமா அங்கே கூரை வேலைக்குப் போய்க் கீழே விழுந்தாரே, அதே இடம். நம் குடும்பத்துக்கும் அந்த ஊருக்கும் இதுவரை இருந்த தொடர்பு அவ்வளவுதான்.

விண்ணப்பம் போட்டால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். இல்லையாம். அந்தப் பல்கலைக்கழகத்துக்குள்ளே முப்பது கல்லூரிகள் இருக்கின்றனவாம், அதில் ஒன்றின் பெயரை எழுத வேண்டுமாம். பாடம் எல்லோருக்கும் பொதுவான இடத்தில். பரீட்சை பொது, பட்டமும் பொது. ஆனால் தூங்குவது, தின்பது, வாத்தியார் எதிரில் தனியாக உட்கார்ந்து திட்டு வாங்குவது எல்லாம் கல்லூரியில்.

"அப்போ காலேஜ்னா ஹாஸ்டல்தானே?" என்றேன்.

"அங்க போய் அப்படிச் சொல்லிடாதப்பா, உள்ளயே விட மாட்டாங்க" என்றாள்.

போன வாரச் சனிக்கிழமை கல்லூரிகள் எல்லாம் கதவைத் திறந்து வைத்து ஊரையே உள்ளே விடும் நாள். லோர்னாவின் பிழைப்பு உனக்குத் தெரியும், இரண்டு வாரம் கப்பல் சமையலறை, இரண்டு வாரம் வீடு. அது கப்பல் வாரம். ஆகவே நானும் ஹெட்டியும் மட்டும் கிளம்பினோம். அவசரத்தில் கார் கூரையிலிருந்த டிரைவிங் ஸ்கூல் பலகையைக் கழற்ற மறந்துவிட்டேன். ‘கிளிஃப்பிடம் கற்றால் கவலை இல்லை’ என்று மஞ்சளில் எழுதியிருக்குமே, அதேதான். வழி நெடுக லாரிக்காரர்கள் எல்லாம் பயந்து ஒதுங்கினார்கள், அதுவரை சுகமாகத்தான் இருந்தது. நகரத்துக்குள் நுழைந்தால் எந்தத் தெருவிலும் காருக்கு இடமில்லை, சைக்கிள் வைத்ததுதான் சட்டம். சைக்கிளில் வந்த ஒரு அம்மாள் என் கண்ணாடியைத் தட்டி, "இந்த வயசுல ஓட்டக் கத்துக்க வந்தீங்களே, ரொம்ப சந்தோஷம். ஆனா இந்தத் தெரு வேண்டாமே" என்றார். பக்கத்தில், நான் வழக்கமாக உட்காரும் வாத்தியார் இருக்கையில், ஹெட்டி. இவளாவது உண்மையைச் சொல்ல வேண்டாமா? "நானும் அதத்தாங்க சொல்றேன், கேட்க மாட்டேங்கறாரு" என்று தலையை ஆட்டினாள். ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான், அக்கா.

முதலில் டன்ஹாம் கல்லூரி. பணக்காரக் கல்லூரி. நடுவில் ஒரு புல்வெளி, யாரும் மிதிக்கக் கூடாதாம். மிதிக்கக் கூடாத புல்லை எதற்கு வளர்க்கிறார்கள் என்று ஹெட்டியிடம் கேட்டுக்கொண்டே அதன் நடுவில் போய் நின்றிருக்கிறேன். வாசலில் வட்டத் தொப்பி போட்டிருந்த பெரியவர் ஒருவர் எவ்வளவு மரியாதையாகத் திட்ட முடியுமோ அவ்வளவு மரியாதையாகத் திட்டினார். ஆனால் பொய் சொல்லக் கூடாது, அறைகள் நம் வீட்டு முன்னறை அளவு. சாப்பாடு மூன்று தட்டு, ஒன்றன் பின் ஒன்றாக. சுற்றிக் காட்டிய மாணவி, புரூடன்ஸ் என்று பெயர், நல்ல பெண், பெருமையோடு சொன்னாள்: "இங்க ஒரு பெரிய வசதி என்னன்னா, ஒங்க சாமானை வருஷம் முழுக்க ரூம்லயே வெச்சுக்கலாம். லீவுக்குக் காலி பண்ணவே வேண்டாம். நெறைய பேரு ஈஸ்டருக்குக்கூட வீட்டுக்குப் போறதில்ல."

ஈஸ்டருக்குக்கூட! என் கால் தானாகத் தரையை அழுத்தியது. என் இருக்கைக்குக் கீழே ஒரு பிரேக் உண்டே, கற்றுக்கொள்கிறவன் தப்பாகப் போனால் நான் மிதிப்பதற்கு, அதை இத்தனை வருடம் மிதித்த பழக்கம். டன்ஹாம் கல்லூரி வராந்தாவில் பிரேக் இல்லை.

அடுத்து செயின்ட் ஓஸ்வின். அக்கா, அதைக் கட்டியவர் மீது யாராவது வழக்குப் போட்டிருக்க வேண்டும். வெறும் கான்கிரீட். ஜன்னலைத் திறந்தால் எதிரில் குப்பைத் தொட்டிகள். ஒரு வாத்து தன் சொந்த வீடு மாதிரி மாடிப்படி ஏறிப் போகிறது, ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. மத்தியானச் சூப் பாத்திரம் கழுவிய தண்ணீரை நினைவுபடுத்தியது. இங்கேயும் ஒரு மாணவி சுற்றிக் காட்டினாள். அவள் தயங்கித் தயங்கி, "ஒரே ஒரு தொல்லை இருக்கு, முன்னாடியே சொல்லிடறேன்" என்றாள். "ஒவ்வொரு டெர்ம் முடிஞ்சதும் ரூமை மொத்தமா காலி பண்ணணும். லீவுல வெளியாளுங்களுக்கு வாடகைக்கு விடுவாங்க. ஒரு தலகாணிகூட வைக்க முடியாது. அப்பா அம்மாதான் காரை எடுத்துக்கிட்டு வரணும், கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவ, ஈஸ்டருக்கு ஒரு தடவ, கோடைக்கு ஒரு தடவ. திரும்பக் கொண்டுவந்து விடறதுக்கும் அவங்கதான். அவங்க பாடு திண்டாட்டம்."

எனக்கு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போல இருந்தது. கொஞ்சம் யோசித்துப் பார். லோர்னா கப்பலுக்குப் போன வாரங்களில் இந்த வீட்டில் நானும் ஹெட்டியும்தான். ஆறு மணிக்குச் சாப்பாடு, பிறகு குறுக்கெழுத்து. ஆறெழுத்து நதி என்று நான் படிப்பேன், அவள் தலையைத் தூக்காமல் பதில் சொல்வாள். அடுத்த வருடம் இதே நேரத்தில் நான் கேட்பேன், கெண்டிதான் பதில் சொல்ல வேண்டும், அதுவும் உன் காலுறையைப் போட்டுக்கொண்டு. வருடத்துக்கு மூன்று தரம் அவளைச் சட்டப்படி வீட்டுக்கு அனுப்புகிற ஒரு கல்லூரி உலகத்தில் இருக்கிறது என்றால், அதன் சூப்பைக் குறை சொல்ல நான் யார்? இரண்டாம் தடவை வாங்கிக் குடித்தேன். கான்கிரீட்டைத் தட்டிப் பார்த்து, "இதுதான் உறுதி" என்றேன். குப்பைத் தொட்டிகளைப் பார்த்து, "காத்தோட்டமான எடம்" என்றேன். வாத்தைக்கூட விடவில்லை. ஹெட்டி ஓரக்கண்ணால் பார்த்தாள். "அப்பா, ஒனக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று மட்டும் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை லோர்னா கப்பலிலிருந்து இறங்கி வந்தாள். நான் செயின்ட் ஓஸ்வினைப் பற்றி ஒரு சொற்பொழிவே நடத்தினேன். கோட்டைக்கூடக் கழற்றாமல் முழுவதும் கேட்டாள். பிறகு வெளியே போய்க் காரின் பின்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"டிக்கியில எதுக்கு அளவு நாடா கெடக்குது?"

"சும்மாதான்."

"பின்சீட்டு மடங்குதான்னு வேற பாத்திருக்க. கிளிஃப், நீ காலேஜ் பாக்கப் போனியா, ஒனக்கு டாக்ஸி வேலை தேடிக்கிட்டுப் போனியா?"

"அவ கல்லு எல்லாம் ரயில்ல வராது, லோர்னா."

"ஆமா, கல்லுக்காகத்தான். அந்தப் பொண்ணுக்குப் பதினேழு முடியப் போவுது. ஊருக்கெல்லாம் ஓட்டச் சொல்லிக் குடுக்கற, அவளுக்கு மட்டும் அடுத்த கோடை, அடுத்த கோடைன்னு தள்ளிக்கிட்டே வர. அவ ஓட்டக் கத்துக்கிட்டா நீ கொண்டுபோய் விட வேண்டியதில்லையேன்னு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

அவளுக்கு எல்லாம் தெரியும். கப்பலில் இருந்தால்கூடத் தெரியும். "மொதல்ல அவளுக்கு எடம் கெடைக்கட்டும், அப்புறம் டிக்கியை அளக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

இதுவரை நான் உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது, லோர்னாவுக்கும் சொல்லவில்லை. டன்ஹாமில் கல் பாடம் நடத்தும் ஒரு பேராசிரியை இருந்தார், ஃபென்விக் அம்மாள் என்று பெயர். ஹெட்டி சட்டைப் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் காட்டினாள். அந்த அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஹெட்டியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் மாறி மாறி அந்தக் கல்லைத் திருப்பிப் பார்த்துப் பேசினார்கள், எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. மற்ற பெற்றோர்கள் அவர்களைத் தாண்டிக் கால் வைத்துப் போனார்கள். ஹெட்டியின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை எங்கள் சாப்பாட்டு மேஜையில் நான் பார்த்ததில்லை. நான் கல்லுக்கு "அப்படியா" என்பேன், "நல்லா இருக்கு" என்பேன், அதற்கு மேல் என்னிடம் சரக்கு கிடையாது. அவள் இத்தனை வருடம் அந்த இரண்டு வார்த்தைகளோடு ஒப்பேற்றியிருக்கிறாள். அதைப் பார்த்த பிறகும் நான் போய்ச் சூப்பைப் புகழ்ந்தேன் பார். அவள் போய்விடுவாள் என்பதுகூடப் பரவாயில்லை அக்கா. அவள் சந்தோஷமாகப் போவாள் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதனால் இன்று மத்தியானம், வறுத்த கோழியும் உருளைக்கிழங்கும் மேஜைக்கு வந்ததும், சொல்லிவிட்டேன். "ஹெட்டி, டன்ஹாம்னு எழுது. ஓஸ்வின் சூப்பு வாயில வைக்க விளங்கல. அந்தக் கட்டடம் ஒரு கண்றாவி. நான் சொன்னதெல்லாம் பொய்" என்றேன். லோர்னா முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள், கல்யாணத்தன்று பார்த்தது மாதிரி. ஹெட்டி குழம்பை எனக்கு நகர்த்தினாள், மாடிக்குப் போனாள். விண்ணப்பத்தை அனுப்புகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது என்றே நினைக்கிறேன். முடிந்தது. உன் தம்பி வாழ்க்கையில் ஒரே ஒரு பெரிய காரியம் செய்தான் என்று நீ உன் ஆடுகளிடம் சொல்லிக்கொள்ளலாம். ஈஸ்டருக்கு அவள் வராவிட்டால் வராமல் போகட்டும். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். கொஞ்சம் குறுக்கெழுத்து போடுவேன், அவ்வளவுதான்.

உன் முழங்காலுக்குச் சூடான ஒத்தடம் கொடு. குளிர்காலம் உனக்கும் உன் மந்தைக்கும் மென்மையாகக் கடந்து போகட்டும். அடுத்த வருடம் கிறிஸ்துமஸுக்கு நீ இங்கே வந்துவிடேன், மாடியில் ஒரு அறை காலியாக இருக்கும்.

என்றும் உன் சொல்லுக்குக் கட்டுப்பட்ட (முடிந்த வரை),
தம்பி கிளிஃப்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடலாம் என்று பார்த்தேன், தபால்தலையை ஒட்டிவிட்டதால் அப்படியே அனுப்புகிறேன். தபால்தலை தேடப் போன நேரத்தில் கடிதத்தை மேஜையில் விட்டுவிட்டேன். திரும்பி வந்தால் ஹெட்டி கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள். அவள் டன்ஹாம் என்று எழுதவில்லையாம். ஓஸ்வின் என்றும் எழுதவில்லையாம். எந்தக் கல்லூரி பெயரும் எழுதாமல் விட்டால் மெஷினே ஏதோ ஒன்றைக் கொடுத்துவிடுமாம், அப்படி அனுப்பிவிட்டாளாம். நான் கத்தினேன், உனக்கே கேட்டிருக்கும். "டன்ஹாம்னு போட்டா நீ வாழ்நாள் பூரா தியாகி மாதிரி மூஞ்சிய வெச்சுக்குவ. ஓஸ்வின்னு போட்டா ஒவ்வொரு தடவ வரும்போதும் அந்தச் சூப்பைக் குடிப்ப. ரெண்டையும் என்னால பாக்க முடியாதுப்பா" என்கிறாள். "ஃபென்விக் அம்மா கிளாஸுக்கு எந்தக் காலேஜ்ல இருந்தும் போலாம், அவங்களே சொன்னாங்க. நீ அப்ப என்னோட மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்க, காதைக் குடுக்கல." சரி, அறையைக் காலி செய்ய வேண்டாத கல்லூரி கிடைத்துவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "கல்லு அங்கயே கெடக்கட்டும். கல்லுக்காகவாப்பா நான் வீட்டுக்கு வருவேன்?" என்றாள். நான் உடனே பாத்திரம் கழுவப் போய்விட்டேன், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். நாளையிலிருந்து அவளுக்கு நான் ஓட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும், அடுத்த வருடம் அந்த ஊருக்கு அவள்தான் காரை ஓட்டிக்கொண்டு போவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும். சம்மதித்துவிட்டேன். என் பக்கத்துப் பிரேக்கைக் கழற்றிவிடச் சொல்கிறாள். அதற்கு மட்டும் நான் இன்னும் சம்மதிக்கவில்லை.