இரண்டாம் இடம் பிடித்த தீனி

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தை. மூன்றாவதாக, உலர் பூனைத் தீனியின் சத்தைப் பூனையைக் கேட்காமலே அளக்கும் ‘உயர்மட்டத் தரக் குழு’வைக் கண்டுபிடித்துவிட்டு, இதற்குமேல் என்ன இருக்கிறது என்று கையைக் கழுவிக்கொண்டது.

குழு வியாழன்தோறும் ஏசி அறையில் கூடும். பையில் அச்சிட்ட பூனையின் மினுமினுப்புக்கு இருபது மதிப்பெண். பையை உலுக்கினால் வரும் சத்தத்துக்குப் பத்து. மீதி எழுபதும் புரதத்துக்கு. அந்தப் புரதத்தை அளந்து சொல்லத்தான் பரிசோதகி ஒருத்தியை வைத்திருந்தார்கள். அவள் கையெழுத்துப் போட்டால் நாற்பதாயிரம் பை லாரி ஏறும். போடாவிட்டால் மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் முடியும், புதுப்பிக்க மாட்டார்கள்.

அன்று அவள் பேனா மூடியைத் திறக்கவே இல்லை.

“புரதம் முப்பத்திரண்டு சதவீதம் இருக்கேம்மா. இன்னும் என்ன யோசனை?” என்றார் மேலாளர்.

“இருக்கு சார். அதுல முக்கால்வாசி கோழி இறகு. அரைச்சுப் போட்டிருக்காங்க. மெஷினுக்கு அதுவும் புரதம்தான், பூனைக்குச் செரிக்கணுமே! நம்ம லேப் கூண்டுப் பூனை மூணு வாரமா இதத்தான் தின்னுது. விலா எலும்ப எண்ணலாம்.”

“பூனை என்ன படிச்சிருக்கு?”

இந்தக் கேள்வியின் ஆழத்தில் குழு சற்று நேரம் மூழ்கிக் கிடந்தது.

“சார், கொஞ்சம் செருப்பக் கழட்டுங்க.”

விற்பனை அதிகாரி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். “அம்மா, எதா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்!”

“அடிக்க இல்ல சார், அளக்க.”

மேலாளரின் தோல் செருப்பில் வாரை வெட்டினாள். பொடித்தாள். பக்கத்து அறை மெஷினில் போட்டு எடுத்து, சீட்டோடு வந்தாள்.

“எழுபத்தெட்டு சதவீதம். நம்ம தீனியவிட ரெண்டு மடங்குக்கு மேல. சாப்பிடுறீங்களா சார்?”

இனி வாய் திறக்க மாட்டார்கள் என்று அவள் நினைத்தாள். மேலாளர் ஒற்றைக் காலில் நின்றபடி நெடுநேரம் சிந்தித்தார்.

“இந்தத் தோல் மொத்தமா எங்கம்மா கிடைக்கும்?”

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படிவத்தை இழுத்தாள். ‘முதலிடம் செருப்பு. இரண்டாம் இடம் தீனி’ என்று எழுதி, தேதியோடு கையெழுத்தும் போட்டு மேசையில் அடித்தாள். “இந்தாங்க. வெட்கம் இருந்தா இத அச்சடிங்க!”

விற்பனை அதிகாரி வாசித்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

“ரெண்டாவது இடமா! இத்தன நாள் சொல்லவே இல்லியேம்மா! உன் கைக்குத் தங்கக் காப்புதான் போடணும்.”

பத்தே நாளில் பைகள் கடைக்கு வந்தன. மினுமினுக்கும் பூனைக்கு மேலே, தங்க எழுத்தில்: ‘ஆய்வகச் சோதனையில் இரண்டாம் இடம்!’ கீழே அவளுடைய கையெழுத்து. பைகள் பறந்தன. குழு அவளுடைய ‘நேர்மை’யை எழுந்து நின்று பாராட்டி, ஒப்பந்தத்தை மூன்று ஆண்டுக்கு நீட்டியது.

பரிசோதகி கூண்டுப் பூனையைத் தன் வீட்டுக்குத் தூக்கிப் போய்விட்டாள். அதற்குத் தினமும் மீன். ஒரு மாதத்தில் விலா எலும்பு மறைந்தது.

முதலிடம் யாருக்கு என்று கேட்க மற்றப் பூனைகளுக்கு வாய் இல்லை. வாங்கியவர்களுக்கு வாய் இருந்தும் தோன்றவில்லை. பதில் தெரிந்த ஒருத்தி, மூன்று ஆண்டுக்கு வாய் திறக்க மாட்டாள்.