கண்டக்டரின் விமானத் திடல் ஆராய்ச்சி

ஓய்வு பெற்ற பிறகு கண்டக்டர் எடுத்த முதல் பெரிய தீர்மானம் அதுதான். காலை டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, பஸ்ஸின் கடைசி ஸீட் வரை கேட்கிற அந்தப் பழைய குரலில் அறிவித்தார்.

"நம்ம ஊர் விமானத் திடலோட போர்க்கால வரலாற்றை நான் எழுதப் போறேன்!"

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை.

"அங்க என்ன இருக்கு? ஆடு மேயுது."

"இப்ப மேயுது. போர்க்காலத்துல குண்டு விழுந்திருக்கும். அதைப் பத்தி ஒருத்தனும் எழுதலையே!"

"ஆயுசு பூரா டிக்கெட் கிழிச்சீங்க. இப்ப சரித்திரத்தைக் கிழிக்கப் போறீங்களாக்கும்."

"பாத்துட்டே இரு!"

"சரி, வெயில்ல தொப்பி போட்டுட்டுப் போங்க."

இவ்வளவு சுலபமாக அனுமதி கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. உள்ளுக்குள் ஒரு சின்ன வெற்றிச் சிரிப்பு. ஏனென்றால், ஆராய்ச்சி என்பதெல்லாம் வெறும் சாக்கு.

அவர்களுடைய ஒரே மகள் போன மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த பெண். வளர்ந்த பிறகும் இருவருக்கும் அவள் 'பாப்பா'தான். அவளை வழியனுப்பிய நாளிலிருந்து மனைவி ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு அவர் பார்த்ததில்லை. சமைத்தாள், கூட்டினாள், சாமியைக் கும்பிட்டாள். தான் அழுதால் அவள் உடைந்துபோவாள் என்று கண்டக்டருக்குப் பயம். வீடோ இரண்டே அறை. எந்த மூலையில் உட்கார்ந்து அழுவது? ஒரு நாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுது பார்த்தார். "தண்ணியை ஏன் வீணாக்குறீங்க?" என்று கதவு தட்டப்பட்டது. பாவம், அழுகை பாதியிலேயே நின்றுபோயிற்று.

விமானத் திடல் அதற்குத் தோதான இடம். வெடித்துப்போன ஓடுபாதை, இடுப்பளவு புல், கூரை போன ஒரு செங்கல் கொட்டகை. கொட்டகைக்குள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். ஆடுகள் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் மனைவிதான் கேட்டாள்.

"இன்னைக்கு என்ன கண்டுபிடிச்சீங்க?"

"ம்... எதிரி விமானம் ஒண்ணு அங்கதான் விழுந்திருக்கு."

"யாரு சுட்டது?"

"நம்ம விமானிதான். பெரிய மீசைக்காரன்."

"மீசை வரைக்கும் தெரிஞ்சுதா! அவனுக்குப் பிள்ளைங்க இருந்துச்சா?"

அவர் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "அது... நாளைக்குப் பாத்துச் சொல்றேன்."

கேள்விகள் நாளுக்கு நாள் கூடின. கைவசம் இருந்த புளுகு தீர்ந்துபோனது. நிஜமாகவே ஆராய்ச்சி செய்ய வேண்டிய கதி வந்தது. அடுத்த தெரு நாற்காலிக் கடைக்காரரிடம் போனார். "அந்தத் திடலோட வரலாற்றை யாராவது எழுதணும்ணே" என்று முதலில் தூண்டிவிட்டவரே அவர்தான்.

"தம்பி, போர்க்காலத்துல அங்க எத்தனை விமானம் நின்னுச்சு?"

கடைக்காரர் மரம் சீவும் இழைப்புளியைக் கீழே வைத்தார். "நிறைய நின்னுச்சுண்ணே. ஆனா ஒண்ணும் பறக்காது."

"எல்லாம் ரிப்பேரா?"

"எல்லாம் பலகை. எங்கப்பாதான் செஞ்சார். மேலயிருந்து பாத்தா நிஜம் மாதிரியே இருக்குமாம். எதிரி ஏமாந்து அதுமேல குண்டு போடணும். நிஜ விமானமெல்லாம் வேற இடத்துல பத்திரமா நிக்கணும். அதுக்குத்தான் அந்தத் திடலே."

"இப்ப அதெல்லாம் எங்க?"

"சண்டை முடிஞ்சதும் பிரிச்சு, பெஞ்சு பண்ணி வித்துட்டார்."

"அடப்பாவி! இதை அன்னைக்கே சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீங்க கிளம்பியிருக்க மாட்டீங்க. அப்புறம் அண்ணி என்னைத்தான்..." கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கண்டக்டர் அன்று திடலுக்குப் போகவில்லை. விறுவிறுவென்று வீட்டுக்குத் திரும்பினார். கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தம். கொட்டகையில் அவர் போடுவாரே, அதே சத்தம்.

பாப்பாவின் நீலச் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு, தரையில் உட்கார்ந்து மனைவி கதறிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் பதறி முகத்தைத் துடைத்தாள்.

"ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்தீங்க?"

"அங்க நிஜ விமானமே இருந்ததில்லையாம்."

"தெரியும்."

"அப்ப, கடைக்காரன் என்கிட்ட எழுதச் சொன்னது?"

"நான்தான் சொல்லச் சொன்னேன். நீங்க வெளிய போனாத்தானே நான் அழ முடியும்? நான் அழுதா நீங்க தாங்குவீங்களா?"

கண்டக்டர் மெல்ல அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டையின் ஒரு கையை அவர் பிடித்துக்கொண்டார். அவ்வளவு நாளும் தனித்தனியாக அழுததை, அன்று இருவரும் சேர்ந்து அழுதார்கள். ஆண்டவன் அந்த ஆறுதலையாவது கொடுத்தான்.

வெகுநேரம் கழித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே கண்டக்டர் சொன்னார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"நானும் அங்க அழத்தான் போனேன். ஆனா உனக்குத் துளிகூடத் தெரியாம பாத்துக்கிட்டேன், பாத்தியா!"

"தெரியாமலா? உங்க கைக்குட்டையைத் தினம் துவைக்கிறது யாருன்னு நினைச்சீங்க?"