பாப்பம் அண்ணையும் பதினொரு ஓமும்

யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் ‘ஆம்’ என்பதற்கு ஒரு நாளைக்கு எத்தனை தரம் ‘ஓம்’ சொல்கிறான் என்று எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. மூச்சு விடுவதை யார் எண்ணுகிறார்கள்? அப்படிப்பட்ட மண்ணில், எழுபத்தொரு வயது வரைக்கும் ஒரேயொரு ‘ஓம்’ கூடச் சொல்லாமல் ஒரு மனிதர் வாழ்ந்தார் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். எங்கள் வேலணைக்கு வந்து கேட்டுப் பாருங்கள். அவர்தான் பாப்பம் அண்ணை.

ஞானஸ்நானப் பெயர் ஒன்றும் இருந்தது. பிரதேச செயலகத்தில் ஓய்வூதியக் கோவைகளைப் பார்க்கிறவன் என்ற முறையில் அது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது. எதைக் கேட்டாலும் ‘பாப்பம்’, அதாவது பார்ப்போம், என்பார். ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் வராது. எழுவைதீவுக்கு ஓடும் அரசாங்க மோட்டர் வள்ளத்தில் முப்பது வருடம் தண்டையலாக இருந்தவர். சுக்கான் அவர் கையில். “அண்ணை, இண்டைக்கு வள்ளம் போகுமோ?” என்று சனம் கேட்கும். “பாப்பம்.” “போனால் திரும்பி வருமோ?” “பாப்பம்.” புதிதாக வந்த ஆசிரியை ஒருத்தி இந்தப் பதிலைக் கேட்டுவிட்டு இறங்குதுறையிலேயே இடமாற்றக் கடிதம் எழுதினாளாம்.

அவருடைய கலியாணக் கதையை ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். எல்லாவற்றிலும் பொதுவாக உள்ள பகுதி இது. “இவரை உமது மனைவியாக ஏற்றுக்கொள்கிறீரா?” என்று சுவாமியார் கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை பொம்பிளையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், “பாப்பம், சுவாமி” என்றார். சுவாமியார் மூன்று தரம் கேட்டும் அதே பதில். கடைசியில் பொம்பிளைதான், “சுவாமி, அவர் சம்மதிச்சிட்டார், நீங்கள் மேலை வாசியுங்கோ” என்றாராம். நாற்பது வருடம் கழித்து நான் அந்தப் பொம்பிளையிடமே, பாப்பம் அக்காவிடமே கேட்டேன். “மெய்தான் தம்பி. மனுசன் இன்னும் பாத்துக்கொண்டுதான் இருக்குது” என்றா.

வருடத்துக்கு ஒருமுறை, ஓய்வூதியக்காரர் உயிரோடு இருக்கிறார் என்று நான் படிவம் நிரப்ப வேண்டும்.

“அண்ணை, உயிரோடை இருக்கிறியள் எண்டு போடட்டோ?”

“பாப்பம்.”

“இப்ப என்னத்தைப் பாக்கிறது? முன்னுக்கு நிக்கிறியளே!”

“நான் நிக்கிறன் தம்பி. படிவம் கொழும்புக்குப் போய்ச் சேரக்குள்ளை என்ன நடக்குமெண்டு ஆர் கண்டது?”

இனி என் காருக்கு வருகிறேன். ‘என் கார்’ என்று பேச்சுக்குத்தான் சொல்கிறேன். அது கனடாவில் இருக்கும் என் மனைவியின் தமையனுடையது. ஊருக்கு வந்தால் ஓடுவதற்கென்று வாங்கி, மிச்சக் காலத்துக்கு என்னிடம் ஒப்படைத்திருந்தார். ஒப்படைத்த நாளிலிருந்து நான் அதன் காவலாளி. ஞாயிறுதோறும் மச்சான் வீடியோவில் வருவார். தங்கச்சி சுகமோ, பிள்ளைகள் சுகமோ என்று ஒரு நிமிடம். பிறகு, “எங்கை, காரைக் காட்டுங்கோ.” நான் போனைப் பிடித்தபடி காரைச் சுற்றிப் பிரதட்சணம் வருவேன்.

மச்சான் அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறார் என்று செய்தி வந்தது. காரைப் பளபளவென்று வைப்போமே என்று, யாழ்ப்பாணத்தில் அந்தக் காரை விற்கும் கொம்பனியின் சேர்விஸ் நிலையத்துக்கே கொண்டுபோய்க் காலையில் விட்டேன். பின்னேரம் எடுத்து வந்தேன். எடுக்கும்போது முன்பக்கக் கண்ணாடியில் என் முகம் தெரிகிற அழகில் மயங்கி, சுற்றிப் பார்க்க மறந்துவிட்டேன். வீட்டு வாசலில் நின்ற மனைவிக்கு அந்த மயக்கம் இல்லை.

“இஞ்சருங்கோ, உந்தக் கதவுக்கு என்ன நடந்தது?”

இடப்பக்கப் பின்கதவில், சோற்றுக் கோப்பையளவில் ஒரு நெளிவு.

முதலில் கதவை உள்ளே இருந்து குத்திப் பார்த்தேன். பிறகு போனில் யாரோ ஒருவன் சொன்னதைக் கேட்டு வெந்நீர் ஊற்றினேன். பிறகு இன்னொருவன் சொன்னதைக் கேட்டு, நெளிவில் ஒட்டியிருந்த ஏதோ மஞ்சள் அழுக்கைப் பற்பசை போட்டுத் தேய்த்துக் கழுவினேன். நெளிவு அப்படியே இருந்தது. சுத்தமாக இருந்தது.

ஞாயிறு வந்தது. வலப்பக்கத்தைக் காட்டினேன். முன்பக்கத்தைக் காட்டினேன். திரும்பவும் வலப்பக்கத்தைக் காட்டினேன்.

“மச்சான், மற்றப் பக்கம்?” என்றார் அவர்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. வாயைப் பாதி திறந்து, ஒரு கையைத் தூக்கினபடி அசையாமல் நின்றேன். இணைப்பு உறைந்துவிட்டது என்று அவர் நினைப்பாரல்லவா? நினைத்திருப்பார். பக்கத்து வீட்டு ஆட்டுக்கு என் திட்டம் தெரியாது. அது எனக்குப் பின்னால் ஆறுதலாக நடந்து வந்து, நின்று, நான் கதவு கழுவின வாளியை முகர்ந்துவிட்டுப் போனது.

“மச்சான், ஆடு நடக்குது,” என்றார் கனடாவிலிருந்து.

நான் இணைப்பைத் துண்டித்தேன்.

சேர்விஸ் நிலையத்துக்குத் தனியாகப் போக மனைவி விடவில்லை. “உங்களைத் தனிய விட்டால் மற்றக் கதவையும் குடுத்திட்டு வருவியள். ஆரையும் கூட்டிக்கொண்டு போங்கோ.” தெருவில் முதலில் கண்ணில் பட்டவர் பாப்பம் அண்ணை. விசயத்தைச் சொல்லி, “நாளைக்குக் காலமை வருவியளோ?” என்றேன்.

“பாப்பம்.”

காலை ஆறரைக்குக் கேற்றைத் திறந்தால், காருக்குப் பக்கத்தில் குடையோடு குந்தியிருக்கிறார். அவர் அப்படித்தான். ‘ஓம், கட்டாயம் வாறன்’ என்று சொன்னவர்கள் வராத இடங்களிலெல்லாம் அவர் வந்திருக்கிறார். புயல் நாளில் பிள்ளைப்பெறுக்குத் துடித்த ஒரு பெண்ணை எழுவைதீவிலிருந்து ஊர்காவற்துறைக்கு ஏற்றி வந்ததும், ஒரு ‘பாப்பம்’ சொல்லிவிட்டுத்தான். நெளிவைக் குனிந்து பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

“என்ன மணம் இது?”

“பற்பசை, அண்ணை.”

“இதிலை ஏதும் நிறம் கிடந்ததோ?”

“மஞ்சளாய் ஏதோ… தேச்சுக் கழுவிப்போட்டன்.”

“நல்ல வேலை. கள்ளன் வந்த வீட்டிலை கள்ளன்ரை செருப்பையும் கழுவி வைக்கிற ஆள் நீர்.”

பிறகு கதவு ஓரத்து ரப்பரை நகத்தால் விலக்கினார். உள்ளே மயிரிழை அளவில் கொஞ்சம் மஞ்சள் மிஞ்சியிருந்தது. குடையைக் கதவோடு நிமிர்த்தி வைத்து, நெளிவின் உயரத்தில் அதன் காம்பில் நகத்தால் ஒரு கீறு போட்டார். “வள்ளத்தின்ரை வயித்தைப் பாத்து எந்தத் துறையிலை தேச்சதெண்டு சொல்லுவன். உதுக்கும் ஒரு துறை இருக்கும்,” என்றார்.

கடலுக்கு நடுவே தீவையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் பண்ணைத் தாம்போதியில் போகும்போது, அவ்வளவு நாளும் கேட்காததைக் கேட்டேன். “ஏன் அண்ணை நீங்கள் ஓம் சொல்லுறேல்லை?”

இரண்டு பக்கமும் தண்ணீரைக் காட்டினார். “இது கேட்டுக்கொண்டெல்லோ இருக்குது. மனுசன் ஓமெண்டு சொன்னால் இதுக்குப் பிடிக்காது. சொல்லாமல் செய்தால் விட்டிடும்.”

சேர்விஸ் நிலையத்தில் அவர் உள்ளே வரவில்லை. குடையும் கையுமாக முற்றத்தில் உலாவப் போய்விட்டார். நான் மட்டும் முகாமையாளருக்கு முன்னால் போய் இருந்தேன். கழுத்துப்பட்டி கட்டிய, மரியாதையான ஆள். குரல் உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“ஐயா, அந்த நெளிவு முதலே இருந்ததெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

“நானோ?”

“எங்கடை பிள்ளை உங்களுக்கு அழைப்பு எடுத்துக் கேட்டவ. பதிவு இருக்கு.”

அழுத்தினார். என் அலுவலகத்தின் இரைச்சலுக்கு நடுவே என் குரல் கேட்டது. எண்ணெய் மாத்தியாச்சு. ஓம். காத்து அடிச்சாச்சு. ஓம். கழுவித் துடைச்சாச்சு. ஓம் ஓம். பிறேக் பாத்தாச்சு. ஓம். வைப்பர் தேஞ்சு போச்சு. ஓம் ஓம். இடப்பக்கப் பின்கதவிலை ஒரு நெளிவு கிடக்கு, அது முதலே இருந்தது தானே. ஓம். நாலு மணிக்கு வந்து எடுக்கலாம். ஓம் ஓம் ஓம். மொத்தம் பதினொன்று. என்னை நானே தூக்குமேடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன், சந்தோசமான குரலில்.

“இதுக்கு மேலை நாங்கள் ஒண்டும் செய்யேலாது, ஐயா.”

நான் எழும்பப் போனேன். வெள்ளிக்கிழமை விமான நிலையத்தில் மச்சானின் முகம் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டது. அந்த நேரம் பாப்பம் அண்ணை உள்ளே வந்து, பக்கத்துக் கதிரையில் இருந்து, “அதைத் திருப்பிப் போடும் தம்பி,” என்றார். போட்டார்கள். “இன்னொருக்கால்.” போட்டார்கள். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு சம்பந்தமே இல்லாமல் ஒரு கதையைத் தொடங்கினார்.

“ஒருக்கால் ஊர்காவற்துறையிலை ஒரு சம்மாட்டியார், நாலு மீன்வள்ளம் வைச்சிருக்கிற மனுசன், என்ரை வள்ளத்திலை ஏறினவர்.”

“ஓம்,” என்றார் முகாமையாளர், வயதுபோன மனிதருக்குக் கொடுக்கும் மரியாதையோடு.

“நல்ல கச்சான் காத்து.”

“ஓம்.”

“அவற்றை கையிலை ஒரு சேவல்.”

“ஓம்.”

“நடுக்கடலிலை சேவல் பாஞ்சிட்டுது.”

“ஓம் ஓம்.”

“சேவலுக்குப் பின்னாலை சம்மாட்டியாரும் பாஞ்சிட்டார்.”

“ஓம்…” முகாமையாளரின் கண் மெல்லக் கணினிக்குப் போனது.

“அவருக்கு நீந்தத் தெரியாது.”

“ஓம்.”

“சேவலுக்குத் தெரியும்.”

“ஓம்.”

அப்போதுதான் கவனித்தேன். பாப்பம் அண்ணை மடியில் ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டிருந்தார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

“பேந்து உங்கடை ஆள் இவற்றை காரைப் பின்னுக்கு எடுக்கேக்கை, முற்றத்து மஞ்சள் தூணிலை கொண்டுபோய் இடிச்சுப்போட்டார்.”

“ஓம்.”

“அதை நீங்கள் நிமித்தி, நிறமடிச்சு, வியாழக்கிழமைக்கிடையிலை குடுக்கப் போறியள்.”

“ஓம் ஓம்.”

பத்து விரலும் மடங்கிவிட்டன. பதினோராவதற்கு விரல் இல்லாமல் குடையைத் தூக்கிக் காட்டினார். வரவேற்பு மேசையிலிருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். முகாமையாளருக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது.

“ஐயா! நான் நீங்கள் சொன்ன கதையைக் கேட்டுக்கொண்டெல்லோ இருந்தனான்!”

“இவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தவர். தம்பி, எங்கடை சனத்தின்ரை ஓம் வாயாலை வாறேல்லை. காதாலை வாறது. வாரும், தூணைப் பாப்பம்.”

அந்தப் ‘பாப்பம்’ ஒன்றுதான் அவர் வாழ்நாளில் அகராதிப்படி சொன்னது. போய்ப் பார்த்தோம். தூணின் மஞ்சளில் எங்கள் காரின் சாம்பல் நிறம் ஒரு முழ நீளத்துக்கு இழுபட்டிருந்தது. குடையைப் பக்கத்தில் வைத்தார். நகக் கீறும் தடமும் ஒரே உயரம். பிறகு காருக்குக் கூட்டிப்போய் ரப்பருக்குள் ஒளிந்திருந்த மஞ்சளைக் காட்டினார். முகாமையாளர் நெடுநேரம் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். ‘ஓ’ வரைக்கும் வந்தது. பாப்பம் அண்ணையை ஒரு முறை பார்த்துவிட்டு, “…இருக்கலாம், ஐயா,” என்றார்.

வியாழக்கிழமை கார் வந்தது. இந்த முறை மூன்று தரம் சுற்றிப் பார்த்தேன். மனைவி நாலாம் தரம் பார்த்தா. வெள்ளிக்கிழமை மச்சான் வந்து, பயணப்பையையும் வைக்காமல் காரைச் சுற்றினார். இடப்பக்கப் பின்கதவில் நின்றார்.

“மச்சான், இந்தக் கதவிலை நான் போனமுறை வேலியிலை தேச்ச ஒரு சின்னக் கீறல் கிடந்ததே. எங்கை அது?”

“ஓம்,” என்றேன். வேறு என்ன சொல்ல?

மச்சான் திரும்பிப் போன பிறகு, அடுத்த வருடம் பாப்பம் அக்கா கண்மூடினா. மகள் மன்னாரிலிருந்து வந்து, தகப்பனைத் தன்னோடு வரச் சொல்லிக் கேட்டாள். “பாப்பம்” என்றார். அப்படியென்றால் போகப்போகிறார் என்று எங்களுக்கு விளங்கியது. யாழ்ப்பாணத்து பஸ் நிலையம் வரைக்கும் நான்தான் கொண்டுபோய் விட்டேன். முன்னுக்கு இருக்கச் சொல்லியும் கேட்காமல், அந்த இடப்பக்கப் பின்கதவைத் திறந்து ஏறினார். தாம்போதியில் தண்ணீரைப் பார்த்தபடி வந்தார்.

“அண்ணை, திரும்பி வருவியள்தானே?”

“ஓம்,” என்றார்.

கார் தண்ணீருக்குள் இறங்காதது எங்கள் முன்னோர் செய்த புண்ணியம். எழுபத்தொரு வருடத்தில் முதலாவது ஓம். அது வாயால் வந்ததா, காதால் வந்ததா என்று திரும்பிப் பார்த்துக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனோடு காரைச் சுற்றி வரும்போது, அந்தக் கதவடியில் கொஞ்சம் கூட நேரம் நின்றுவிடுகிறேன். மனைவி குசினி யன்னலால் எட்டிப் பார்த்து, “இஞ்சருங்கோ, அந்த மனுசன் திரும்பி வருமே?” என்று கேட்பா.

“பாப்பம்,” என்பேன்.