லூக்கா மதிலில் பத்தடி தூரம்

என் வீட்டுக்காரர் சிவசங்கரனுக்கும் எனக்கும் நடுவே எப்போதும் பத்தடி தூரம் உண்டு. சண்டையெல்லாம் இல்லை. வீதியில் இறங்கினால் அவர் முன்னால் போவார், நான் பின்னால் போவேன், அவ்வளவுதான். மதுரை மேல வெளி வீதியில் கௌரவமான புருஷர்கள் எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள். ஆனால் இவர் திரும்பியும் பார்க்க மாட்டார். பேசிக்கொண்டே போவார். முதுகு பேசும், என் காதுக்குப் பாதி வந்து சேரும். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த முதுகைப் பற்றி எனக்குத் தெரியாத சங்கதி கிடையாது. முகம்தான் சற்று மறந்துபோகிறது.

முப்பத்துநாலாம் வருஷம், புது நூற்பு இயந்திரம் பார்த்துவர மில்லில் இவரைச் சீமைக்கு அனுப்பினார்கள். நானும் வருவேன் என்றேன். கடல் தாண்டினால் ஆசாரம் போய்விடும் என்றார். உங்களுடையது போகிறபோது துணைக்கு என்னுடையதும் போகட்டும் என்றேன். போனோம்.

எனக்கு இருந்தது ஒரே ஆசை. கான்வென்ட்டில் தையல் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் ஆக்னெஸ் இத்தாலியில் லூக்கா என்கிற ஊர்க்காரி. ஊரைச் சுற்றி மதில். மதிலின் மேல் வண்டியே போகிற அகலத்துக்குப் பாதை, பாதை நெடுக மரம். சாயங்காலமானால் புருஷனும் பெண்சாதியும் அதன்மேல் பக்கத்தில் பக்கத்தில் நடப்பார்களாம். இதைச் சொல்லும்போது சிஸ்டர் ஊசியைத் துணியில் குத்தியபடியே விட்டுவிடுவாள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயசு. மதுரைக்கும் ஒரு மதில் இருந்தது. எவனோ ஒரு துரை அதை இடித்து வெளி வீதி போட்டுவிட்டான். லூக்காவின் மதிலை என் மனசிலிருந்து இடிக்க எந்தத் துரையும் வரவில்லை.

போகிற வழியில் கப்பல் அதே இத்தாலியில் லிவோர்னோ துறைமுகத்தில் இரண்டு நாள் நின்றது. ஒரு நாள் லூக்காவுக்கு என்று பிடிவாதம் பிடித்தேன். அங்கே எங்களை யாருக்குத் தெரியும்? இவர் என் பக்கத்தில் நடப்பார். அதற்காகத்தான் அத்தனை சமுத்திரமும் குமட்டலும்.

ரயிலில் போய் இறங்கி, படியேறி மதிலுக்கு மேலே வந்தோம். சிஸ்டர் ஒரு சொல் பொய் சொல்லவில்லை. ஒரு பக்கம் ஓட்டுக் கூரைகளும் மணிக்கூண்டுகளும், மறு பக்கம் தூரத்து மலை. ஜோடி ஜோடியாக ஜனங்கள். நான் தலைப்பைச் சரிசெய்துகொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் குடையை ஊன்றினார். "வா" என்றார். பம்பாயில் வாங்கிய புது ஷூ கிறீச்சிடக் கிளம்பினார். பத்தடி.

"ஏன்னா, இங்கே நம்மளை யார் பார்க்கப் போறா?"

"எத்தனை லட்சம் செங்கல் ஆகியிருக்கும் தெரியுமோ?" என்றது முதுகு.

மரத்தடியில் ஒரு பெஞ்சு கிடந்தது. உட்கார்ந்துவிட்டேன். ஊரிலிருந்து கொண்டுவந்த, கல்லாட்டம் கெட்டியான பொருவிளங்காய் உருண்டை ஒன்றை எடுத்து வாயில் அடக்கினேன். முதுகு செங்கல் சூளையைப் பற்றி விளக்கிக்கொண்டே வளைவில் மறைந்தது. மறையட்டும். வட்ட மதில். முன்னால் போகிறவர் கடைசியில் எனக்குப் பின்னால்தான் வந்து சேர வேண்டும். அந்த அளவுக்குப் பூகோளம் கான்வென்ட்டில் படித்திருக்கிறேன்.

உருண்டை பாதி கரைந்திருக்கும். பின்னால் ஷூ கிறீச்சிட்டது. தலைப்பாகை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

"எங்கேடி போனே?"

"நான் எங்கேயும் போகலை. நீங்கதான் போனேள்."

"பாதியிலே திரும்பிப் பார்த்தேன். நீ இல்லே." குரல் உடைந்திருந்தது. "ஒரு இத்தாலிக்காரிகிட்டே புடவை கட்டற மாதிரி ஜாடை காட்டிக் கேட்டேன். சிரிக்கறா."

அவர் முகத்தை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். புருவத்தில் ஒரு நரை. எப்போது வந்தது? முதுகு சொல்லவே இல்லை.

"சரி, இறங்கு. ரயிலுக்கு நேரமாச்சு" என்றார்.

"நான் இன்னும் மதிலைச் சுத்தலையே."

ஷூவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டாவது சுற்று கிளம்பினோம். பக்கத்தில் பக்கத்தில். நான் தொலைந்துவிடாமல் என் தலைப்பு நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். செங்கல் பேச்சு இல்லை. எங்கள் இரண்டு நிழலும் ஒரே நீளத்தில் முன்னால் போயின. அந்த மதிலை இன்னும் கொஞ்சம் நீளமாகக் கட்டியிருக்கலாம்.

மதுரைக்குத் திரும்பினோம். மறுபடி வெளி வீதி, மறுபடி பத்தடி. ஆனால் இப்போது நாலு எட்டுக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, சாமிக்குக் கழுத்துல சுளுக்கா? இம்புட்டுத் தடவை திருப்புறாக" என்றாள் கீரை விற்கிற முத்துத்தாய்.

"சீமையிலே பிடிச்சது. சரியாகிடக் கூடாதுன்னு வேண்டிண்டிருக்கேன்" என்றேன். கழுத்துவலி முற்றினால் மனுஷர் தானாகப் பக்கத்தில் வந்துவிடுவார் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நேற்று கோயிலுக்குப் புறப்பட்டோம். பத்தடி. கழுத்து ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. எனக்குச் சுருக்கென்றது. வேண்டுமென்றே பூக்காரியிடம் நின்றேன். முதுகும் நின்றது.

"ரெண்டு முழம் போதும், வா" என்றது.

இயந்திரம் தெரிந்த மனுஷர். குடைப்பிடியில் சவரக் கண்ணாடியைக் கட்டியிருக்கிறார்.