முப்பது டிகிரி

வலது முழங்கை மடங்கவில்லை என்றால் ஒரு கடிகாரக்காரருக்கு என்ன மிச்சம்? பழுது பார்க்கிற கடிகாரத்தைக் கண்ணருகே கொண்டுபோக முடியாது. கண்ணைக் கடிகாரத்தருகே கொண்டுபோனால் கழுத்து பிடித்துக்கொள்கிறது. கடைக்குப் பூட்டுப் போட்டு இரண்டு மாதம் ஆகிவிட்டது. வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை நேராக மாட்டுகிறேன் பேர்வழி என்று ஸ்டூலில் ஏறி விழுந்தவர் அவர். கடிகாரம் நேராகத்தான் இருந்தது. இவர்தான் கோணலாக நின்றிருக்கிறார்.

மாவுக்கட்டைப் பிரித்தபோது முழங்கை அறுபது டிகிரிக்கு மேல் மடங்காமல் முறைத்துக்கொண்டு நின்றுவிட்டது. பிசியோதெரபி செய்கிற பெண் ஒரு கருவியைக் கொடுத்தனுப்பினாள். மேல்கைக்கு ஒரு பட்டை, முன்கைக்கு ஒரு பட்டை, நடுவில் ஒரு சக்கரம், அதன்மேல் டிகிரி காட்டும் முள். சாவியைப் போட்டுத் திருகினால் கருவி கையை மெல்ல இழுத்து மடக்கி, அப்படியே பிடித்துக்கொள்ளும். ஒரு வேளைக்கு அரைமணி, நாளைக்கு மூன்று வேளை. எத்தனை டிகிரி வந்தது என்று கார்டில் எழுதிவர வேண்டும்.

"மூணு வாரத்துல நூத்திப் பத்து வரணும் சார். வரலைன்னா மயக்க மருந்து குடுத்து டாக்டரே மடக்க வேண்டியிருக்கும்."

ஊசி என்ற சொல் காதில் விழுந்தாலே உட்கார இடம் தேடுகிற மனிதர். அன்றைக்கு உட்கார்ந்தபடி கேட்டதால் பிழைத்தார்.

மனைவிக்குத் தையல் தொழில். முன்னறையில் மெஷினை நிறுத்திவிட்டு வந்து சாவியைத் திருகினாள்.

"ஐயோ! கொலை!"

"ரெண்டு டிகிரிதாங்க கூட்டியிருக்கேன்."

"உனக்கு ரெண்டு. எனக்குத்தானே தெரியும்!"

"பக்கத்து வீட்டுல ஜன்னலைத் திறந்துட்டாங்க. கொஞ்சம் மெதுவாக் கத்துங்க."

"நீ மெதுவாத் திருகு, நான் மெதுவாக் கத்தறேன்."

மூன்று நாள் இந்தக் கச்சேரி நடந்தது. நாலாம் நாள் காலையில் அவர் எழுந்து நின்று அறிவித்தார்:

"என் கை, என் வலி. இனிமே நானே திருகிக்கறேன்."

மனைவி மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டாள். இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் மறுபேச்சில்லாமல் கொடுத்த முதல் பொருள் அதுதான். அப்போதே மனிதர் சுதாரித்திருக்க வேண்டும்.

அவள் நூல்கண்டு வாங்கப் போன நேரத்தில் தொழில் பெட்டியைத் திறந்தார். இருப்பதிலேயே சின்ன ஸ்க்ரூடிரைவரை இடக்கையில் பிடித்து, முள்ளைத் தளர்த்தி, முப்பது டிகிரி முன்னே தள்ளி, மறுபடி முடுக்கினார். இனிமேல் கை சொகுசாக அறுபதில் இருந்தால் முள் தொண்ணூறு காட்டும். மூன்று வாரத்தில் கை தானாகவே இளகிவிடும் என்பது அவர் நம்பிக்கை. 'வெச்சுட்டுப் போங்க, தானா ஓடும்' என்று எத்தனை வாடிக்கையாளர்களிடம் சொல்லியிருக்கிறார்!

கார்டைப் பார்த்த மனைவி புருவத்தைத் தூக்கினாள்.

"நேத்து அறுபத்தி நாலு. இன்னிக்குத் தொண்ணூறா?"

"தொழில் தெரிஞ்ச கை. நீ திருகறது வேற, நான் திருகறது வேற."

"சமர்த்துதான். அப்ப உங்களுக்குப் புதுச் சட்டை ஒண்ணு தைச்சிடறேன். கையை மடக்குங்க, அளவு எடுக்கணும்."

எடுத்தாள். மறுநாளும் எடுத்தாள்.

"நேத்துதானே எடுத்தே?"

"அளவு தப்பாயிடக் கூடாது பாருங்க."

அதன்பிறகு வீட்டில் ஒரே நிம்மதி. அவர் கருவியை மாட்டிக்கொண்டு பத்திரிகை படித்தார். நாளுக்கு ஒரு டிகிரி, மனசு நன்றாக இருந்த நாளில் இரண்டு என்று சாவியைத் திருகி முள்ளை ஏற்றி, கார்டை நிரப்பினார். இரண்டாவது வாரம் கை கொஞ்சம் இழுப்பதுபோலத்தான் இருந்தது. 'உண்மையில எழுபதுகூட ஆகலை, எழுபதுக்கெல்லாம் வலிக்குமா? நாற்காலி சரியில்லை' என்று நாற்காலியை மாற்றினார்.

"வலிக்குதாங்க?" என்று காபி கொண்டுவந்த மனைவி கேட்டாள்.

"எதுக்கு வலிக்கணும்? நான் என்ன குழந்தையா?"

மூன்றாவது வாரக் கடைசியில் கார்டு நூற்றுப் பத்தைத் தொட்டது. உண்மைக் கணக்கில் எண்பதுதானே! அளந்து பார்த்தால் கையும் களவுமாகப் பிடிபடுவார். அப்புறம் மயக்க மருந்து, ஊசி, டாக்டர். பிசியோதெரபி அறை வாசலில் தலையைக் குனிந்து, மோவாயைக் கையில் தாங்கியபடி, யோசித்து யோசித்து மாய்ந்துபோனார். தாங்கியிருந்தது வலது கை என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் பெண் தன்னுடைய அளவுகோலை வைத்துப் பார்த்தாள்.

"நூத்திப் பத்து! கார்டுலயும் அதேதான். நிறையப் பேர் அஞ்சு பத்து கூட்டி எழுதிட்டு வருவாங்க சார். உங்களை மாதிரி நேர்மையா எழுதறவங்களை நான் பார்த்ததே இல்லை."

நேர்மையாளர் திருட்டு முழி முழித்தார்.

"மயக்க மருந்தெல்லாம் வேண்டாம். இன்னும் மூணு வாரம் இதையே போடுங்க. நூத்தி முப்பது வந்ததும் கடையைத் திறந்துடலாம்."

வீட்டுக்கு வந்ததும் லென்ஸை மாட்டிக்கொண்டு கருவியை ஆராய்ந்தார். முள், கருவியைச் செய்தவன் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

"முள்ளை யார் தொட்டது?"

மனைவி தையலை நிறுத்தவில்லை. "எந்த முள்ளை? நீங்க முப்பது டிகிரி தள்ளி வெச்சீங்களே, அதையா?"

அவர் உட்கார்ந்துவிட்டார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கார்டுல தொண்ணூறு. என் டேப்ல தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல மறுநாளும் அதே இருபது இஞ்ச். கை தொண்ணூறு மடங்கினா அது பதினாறாக் குறைய வேண்டாமா? கருவியைப் பார்த்தேன், முள்ளோட பழைய தடம் முப்பது டிகிரி தள்ளித் தெரிஞ்சுது. நான் கை வெச்சுத் தைக்கிறவ."

"அப்பவே கேட்டிருக்கலாமே!"

"கேட்டா மறுபடியும் ஊரைக் கூட்டுவீங்க. அதான், நீங்க குளிக்கப் போறப்போ தினம் ரெண்டு டிகிரி முள்ளைப் பின்னாடி நகர்த்தினேன். பதினஞ்சு நாள்ல முப்பதும் கழிஞ்சுது."

"ஸ்க்ரூடிரைவர்?"

"உங்க பெட்டியிலதான். எடுத்த இடத்துலயே திருப்பி வெச்சேன். நீங்கதான் வெக்க மாட்டீங்க."

"எனக்கு வலிச்சிருக்குமே!"

"வலிக்கலையே. நான்தான் கேட்டேனே." இப்போதுதான் மெஷினை நிறுத்தினாள். "மயக்க மருந்துன்னு அந்தப் பொண்ணு சொன்னதுலேருந்து எனக்குச் சாப்பாடே இறங்கலைங்க. வேற என்ன பண்றதுன்னு தெரியலை."

அவருக்குக் கோபம் வந்தது, வெட்கம் வந்தது, இரண்டையும் மீறிச் சந்தோஷம் வந்தது. இன்னும் மூன்று வாரத்தில் கடிகாரம் கண்ணுக்கு வந்துவிடும். இப்படிப்பட்டவளிடம் தோற்றதில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நெஞ்சை நிமிர்த்திக் கையை நீட்டினார்.

"இனிமே முள்ளை யாரும் தொட வேண்டாம். நீயே தாராளமாத் திருகு. வலிங்கிறதெல்லாம் வெறும் மனசுலதான். ஒரு சத்தம் போட மாட்டேன், பாரு."

அவள் பட்டைகளைக் கட்டி, கார்டை எடுத்துப் படித்தாள். "இன்னிக்கு நூத்திப் பதினொண்ணு."

"ஐயோ! அம்மா! விடு, விடு! உசிரு போகுது!"

"சாவி இன்னும் மேஜை மேலதாங்க இருக்கு."