ஸ்பின்ஸ்டர் ஈவாஞ்சலின்

துறைமுகத்தில் ராத்திரி முழுக்க கண்டெய்னர் நம்பர் சரிபார்த்துவிட்டு வந்த கிருபாநிதி வாயில் பிரஷ்ஷோடு நின்றபோது போன் அடித்தது.

"தம்பி, உங்க தங்கச்சிய ஸ்பின்ஸ்டர்னு போட்டிருக்கே. ஏன் எங்ககிட்ட சொல்லல?"

சாத்தான்குளம் பொன்னுதுரை. மாப்பிள்ளை எஸ்றாவின் அண்ணன். எஸ்றா மஸ்கட்டில் இருந்தான். அவனுக்காக இங்கே பேசுவது, விசாரிப்பது, சந்தேகப்படுவது எல்லாம் இவர்தான். பெண்ணுக்குச் சபையில் கொடுத்த சான்றிதழை முந்தின நாள்தான் கிருபாநிதி அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான்.

கிருபாநிதி நுரையைத் துப்பினான். "கல்யாணம் ஆகாத பொண்ணுன்னு அர்த்தம் அண்ணாச்சி. வெள்ளக்காரன் காலத்து ஃபாரம். எங்க அம்மைக்கும் அதத்தான் போட்டிருக்கு."

"உங்க அம்மைக்கு அப்ப என்ன வயசு?"

"இருபது."

"அப்ப சரி. இவளுக்கு முப்பத்தாறுலா. எம் மவன் போன்ல பாத்துச் சொல்லுதான், கல்யாணம் ஆகாமலே முத்திப்போன பொம்பளையாம். இனிமேலும் ஆகாதாம்."

"ஆகப்போவுதே அண்ணாச்சி. உங்க தம்பியோட."

"அதான் எனக்கும் குழப்பமா இருக்கு" என்றார் பொன்னுதுரை.

தங்கச்சி ஈவாஞ்சலின் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். இங்கிலீஷ் டீச்சர். இதுவரை பதினோரு வரன்கள் வந்து, பார்த்து, தின்று, போயிருந்தார்கள். இது பன்னிரண்டாவது. இதுவும் போனால் இன்னொரு கூட்டத்துக்கு டீ போட அவளுக்குத் தெம்பில்லை. மிக்சர் வாங்க அவனுக்கும் தெம்பில்லை.

"ஸ்பின்ஸ்டர்ங்கிறது மொதல்ல நூல் நூக்குறவளுக்குப் பேருண்ணே. சொந்தக் கையால சம்பாதிச்சவ. அப்புறம் கல்யாணம் ஆகாதவன்னு ஆச்சு. அப்புறம் யாருக்கும் வேண்டாதவன்னு ஆக்கிட்டானுவ."

"இத அவருகிட்ட சொல்லட்டா?"

"சொல்லு. ராட்டை எங்க இருக்குன்னு கேப்பாரு."

அவன் தூங்காமல் சபைப் போதகரான ஐயரிடம் போனான். ஐயர் நல்ல மனுஷர். ஸ்பின்ஸ்டரை எடுத்துவிட்டு 'சிங்கிள்' என்று வேறு சான்றிதழ் அடித்துக் கொடுத்தார்.

மறுநாள் பொன்னுதுரையின் மனைவி கூப்பிட்டாள். "சிங்கிள்னா இப்ப தனியா இருக்கான்னுதானே தம்பி? முன்னால யாரு கூட இருந்தான்னு நாங்க கேக்கணும்லா?"

கிருபாநிதி மறுபடி ஐயரிடம் போனான். இங்கிலீஷே வேண்டாம் என்று ஐயர் தமிழில் 'கன்னிகை' என்று எழுதி, முத்திரை குத்தினார்.

அன்று சாயங்காலமே பொன்னுதுரை போன் செய்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "ஐயர் கையெழுத்துப் போட்டிருக்காரே. அவருக்கு எப்படித் தெரியும்?"

கிருபாநிதி இதை ஐயரிடம் சொல்லியிருக்கக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் சொல்லிவிட்டான். இரண்டு நாள் ஐயர் அவன் போனை எடுக்கவில்லை.

கடைசியில் பொன்னுதுரையே ஒரு வழி சொன்னார். "வக்கீல்கிட்ட ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கிட்டா யாருக்கும் வில்லங்கம் இல்ல."

வக்கீல் பேனாவைத் திறந்தார். "என்ன எழுதணும்?"

"ஒண்ணும் நடக்கலன்னு எழுதணும் சார்."

"எப்ப நடக்கல?"

"எப்பவுமே."

வக்கீல் ஈவாஞ்சலினைப் பார்த்தார். அவள் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டச் சொன்னாள்.

வெளியே வந்ததும், "முப்பத்தாறு வருசம் சும்மா இருந்ததுக்கு ரெண்டு சாட்சி வேற" என்றாள். "இந்த ஒரு தடவதாண்ணே. இதுக்கு மேல ஒரு காயிதத்துலயும் கையெழுத்துப் போட மாட்டேன்."

"போடாத. எனக்கும் முடியல."

சனிக்கிழமை காலை இரண்டு வீட்டாரும் சபைக் கோயில் ஆபீசில் உட்கார்ந்தார்கள். மூன்று ஞாயிறு ஆராதனையில் வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையை நிரப்ப வேண்டும். பொன்னுதுரை பத்திரத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். கூடவே தன் தாய்மாமா பாண்டியராஜையும் கூட்டி வந்திருந்தார். எண்பது வயசு. வந்ததிலிருந்து அவர் பிஸ்கட்டை டீயில் முக்குவதிலேயே கவனமாக இருந்தார்.

ஐயர் பெண் பெயருக்கு நேராக 'இதுவரை மணமாகாதவர்' என்று எழுதிக் காட்டினார். பொன்னுதுரை கண்ணாடியை மாட்டி மூன்று தடவை வாசித்தார்.

"இதுக்கு வேற அர்த்தம் கிடையாதுல்லா?"

"கிடையாது" என்றார் ஐயர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அப்ப சரி. பொம்பளப்பிள்ள விசயம். பின்னால ஒரு பேச்சு வந்துரக் கூடாது பாருங்க."

இரண்டு வாரத்தில் முதல் தடவையாகக் கிருபாநிதி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினான். ஈவாஞ்சலின் கைப்பைக்குள் பேனாவைப் போட்டாள்.

ஐயர் அடுத்த வரிக்கு வந்தார். "மாப்பிள்ளைக்கு என்ன போடட்டும்?"

பொன்னுதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

பாண்டியராஜ் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "இதுல ரோசிக்க என்ன இருக்கு ஐயரே? போன ரெண்டு கல்யாணத்துக்கும் எதப் போட்டாவளோ, அதையே போடுங்க."